தனிச் சடக்கில் ஓடும் பஸ்

சம்பளம் வாங்கிய மறுநாள் காஜாங் பட்டணத்திற்குச் சாமான் வாங்கப் போய் வந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? தோட்டத்து முச்சந்தியில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்போம். பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. "வருகிறபோது வரும்" என்பதுதான் கால அட்டவணை! அரிசி மூட்டையும் பிள்ளையுமாக ஏறி, ஒற்றைக் காலில் நின்று, வீடு வந்து சேரும்போது விளக்கு வைத்திருப்பார்கள்.

அந்தக் காஜாங் இன்று எப்படி இருக்கிறது, பார்த்தீர்களா? சுங்கை பூலோவிலிருந்து புறப்பட்ட எம்.ஆர்.டி. ரயில், 2017 ஜூலை 17-ஆம் தேதி முதல் காஜாங் வரை ஓடுகிறது. ஒரு ரயிலில் நான்கு பெட்டிகள். ஏறக்குறைய 1,200 பேர் ஏறலாம். இன்னோர் எம்.ஆர்.டி. பாதை 2023 மார்ச்சிலிருந்து புத்ராஜெயா வரை போகிறது. புத்ராஜெயா எது தெரியுமா? நம் பெரியவர்கள் "பிராங் பெசார்" என்று சொன்ன ரப்பர் தோட்டம்தான்! அவர்கள் பால் வெட்டிய பி.பி. 86 இனமும் அந்தத் தோட்டத்தில் உண்டானதுதான். அந்தப் 'பி.பி.' தோட்டத்துப் பெயரின் எழுத்துகளே. மரம் போய் மாளிகை வந்தது. மரம் வெட்டியவர்கள் எங்கே போனார்கள் என்பது வேறு கதை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இன்று சொல்ல வந்தது பஸ் கதை. சன்வே பக்கம் வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி என்னிடம், "அண்ணே, ஆகாயத்தில் பஸ் ஓடுகிறது, நீங்கள் பார்த்ததில்லையா?" என்று கேட்டாள். வெட்கமாகப் போய்விட்டது. ஒரு சனிக்கிழமை காலையில் பசியாறிவிட்டுக் கிளம்பினேன்.

காஜாங்கிலிருந்து போக இரண்டு வழி உண்டு. கே.டி.எம். கொமுட்டர் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, கிள்ளான் துறைமுகம் போகும் ரயிலுக்கு மாறி, செத்தியா ஜெயாவில் இறங்கலாம். அல்லது எம்.ஆர்.டி.யில் பசார் செனி போய், அங்கே கிளானா ஜெயா எல்.ஆர்.டி.க்கு மாறி, யு.எஸ்.ஜே. 7 நிலையத்தில் இறங்கலாம். இந்த இரண்டு நிலையங்களையும் இணைத்துத்தான் அந்த ஆகாய பஸ் ஓடுகிறது. அதற்கு 'பி.ஆர்.டி. சன்வே' என்று பெயர். நீளம் 5.4 கிலோமீட்டர், நிலையங்கள் ஏழு. 2015 ஜூன் 2-ஆம் தேதி ஓடத் தொடங்கியது.

நான் கொமுட்டரில் போனேன். செத்தியா ஜெயாவில் மாறி ஏறினேன். பஸ் என்றுதான் பெயர். நடப்பதெல்லாம் ரயிலைப் போல! உள்ளே நுழையும்போதே அட்டையைத் தட்டிக் கட்டணம் கட்டிவிட வேண்டும். ஓட்டுநரிடம் சில்லறைக்கு மல்லுக்கட்டும் வேலை இல்லை. நடைமேடையும் பஸ்ஸின் தரையும் ஒரே மட்டம். எனக்கு முன்னால் ஒரு பாட்டி, முழங்கால் வலிக்காரர் போலும், படியே ஏறாமல் நேராக உள்ளே நடந்து போய் உட்கார்ந்தார். நம் பழைய பஸ்களில் முதல் படி இடுப்பு உயரம் இருக்குமே, அதை நினைத்துக்கொண்டேன். ஓட்டம் தொடங்கியபோது, சீனாவின் பி.ஒய்.டி. நிறுவனம் செய்த பேட்டரி பஸ்களையே இதில் விட்டார்கள். புகையும் இல்லை, உறுமலும் இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பாதைதான். தூண்களின் மேல் கட்டிய தனிப் பாதை. கீழே கார்கள் ஒன்றன் பின் ஒன்றாக முட்டிக்கொண்டு நிற்க, மேலே பஸ் நிற்காமல் போகிறது. சமிக்ஞை விளக்கும் கிடையாது, குறுக்கே புகும் லாரியும் கிடையாது.

இந்த யோசனை நம் நாட்டில் பிறந்ததல்ல. தென் அமெரிக்காவில், பிரேசில் நாட்டின் குரிச்சிபா நகரத்தில், ஜைமே லெர்னர் மேயராக இருந்தபோது 1974-இல் தொடங்கியது. ரயில் பாதை போடக் கை நிறையப் பணம் வேண்டும்; பணம் இல்லாத ஊர் என்ன செய்யும்? இருக்கிற சடக்கிலேயே நடுப்பகுதியைப் பஸ்ஸுக்கென்று ஒதுக்கியது. அவ்வளவுதான் ரகசியம்! கொலம்பியாவின் பொகோட்டா 2000-இலும், பக்கத்து ஜாகர்த்தா 2004-இலும் அதைப் பின்பற்றின. ஜாகர்த்தாவின் தனிப் பாதைகள் இன்று 250 கிலோமீட்டர் அளவுக்கு வளர்ந்துவிட்டன. இந்தியாவில் அகமதாபாத் 2009-இல் தொடங்கி வெற்றி கண்டது. டெல்லியில் 2008-இல் வந்த பாதையைக் கார்க்காரர்கள் போட்ட கூச்சலில் 2016-இல் பெயர்த்தே எடுத்துவிட்டார்கள்.

கார்க்காரர்களின் கோபம் புரியாமல் இல்லை. அவர்களுக்கு இருந்த தடத்தில் ஒன்று போய்விடுகிறதே! ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பஸ்ஸில் அறுபது பேர் போகிறார்கள். அந்த அறுபது பேரும் ஆளுக்கொரு கார் எடுத்தால் சடக்கு எத்தனை தூரம் அடைபடும்? கோலாலம்பூரிலும் பஸ் தடம் என்று சாலையில் கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டைத் தாண்டக் கூடாது என்று காருக்கு யார் சொல்வது?

சன்வேயில் கீழே இடம் எடுக்காமல் மேலே கட்டியதால் அந்தச் சண்டை வரவில்லை. ஆனால் செலவு வந்தது. மொத்தம் 63 கோடியே 40 லட்சம் வெள்ளி! கிலோமீட்டருக்குப் பதினோரு கோடிக்கும் மேல். ஏழை ஊரின் யோசனை நம் ஊருக்கு வந்ததும் பணக்கார யோசனை ஆகிவிட்டதே என்று எனக்குத் தோன்றியது. தொடக்கத்தில் கட்டணம் அதிகம் என்று மக்கள் முணுமுணுத்தார்கள். யு.எஸ்.ஜே. 7-இல் எல்.ஆர்.டி. வந்து சேர்ந்ததே 2016 ஜூன் 30-ஆம் தேதிதான். அதுவரை ஓர் ஆண்டுக்கும் மேலாக, அந்தப் பக்கம் இறங்கியவர் மேலே போக ரயில் இல்லாமல் இருந்தது. கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே இதே போன்ற பஸ் பாதை வரும் என்றும் அப்போது பேச்சு அடிபட்டது. கிள்ளான் பக்கத்து நம் மக்கள் ஆவலோடு எதிர்பார்த்தார்கள். பேச்சு பேச்சாகவே நின்றது.

சரி, இதெல்லாம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. தோட்டம் மூடிய பிறகு நம் பிள்ளைகளுக்கு வேலை எங்கே? கடைத்தொகுதியில், மருத்துவமனையில், தொழிற்சாலையில். எல்லாம் பட்டணத்தில். சம்பளத்தில் கால்வாசியை மோட்டாரும் பெட்ரோலும் தின்கின்றன. மழை நாளில் நெடுஞ்சாலையில் மோட்டாரில் போகும் மகன் வீடு திரும்பும் வரை தாய்க்குச் சோறு இறங்குவதில்லை. அதனால் விசாரித்துச் சொல்கிறேன், கேளுங்கள். மலேசியக் குடிமக்களுக்கு 'மை50' என்ற மாதச் சீட்டு உண்டு. 50 வெள்ளி கொடுத்தால் 30 நாளைக்கு எம்.ஆர்.டி., எல்.ஆர்.டி., மோனோரெயில், ரேபிட் கே.எல். பஸ், இந்த ஆகாய பஸ் எல்லாவற்றிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். கொமுட்டர் வேறு நிறுவனம். ஆகையால் காஜாங்கிலிருந்து இந்தச் சீட்டில் போகிறவர் எம்.ஆர்.டி. வழியைப் பிடிப்பதே லாபம். அறுபது வயது நிறைந்தவர்கள் அடையாள அட்டையைக் காட்டிப் பாதிக் கட்டணச் சலுகை கேட்கலாம். ரேபிட் பஸ்களில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். டச் அண்ட் கோ அட்டையில் பணம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இது தெரியாமல் பஸ்ஸில் ஏறி, ஐந்து வெள்ளி நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தவர்களில் நானும் ஒருவன்!

திரும்பும்போது எல்.ஆர்.டி.யும் எம்.ஆர்.டி.யும் பிடித்தேன். கூட்டமில்லாத பெட்டி, குளுகுளுவென்று காற்று. செராஸ் பக்கத்து மாடி வீடுகளின் விளக்குகள் ஜன்னலில் ஓடின. காஜாங்கில் இறங்கி, இணைப்புப் பஸ் பிடித்து, அது போகும் கடைசி நிறுத்தத்தில் இறங்கினேன். அதற்கு மேல் என் தங்கை வீட்டுக்கு மூன்று மைல். பழைய தோட்டத்துப் பாதை. விளக்கும் இல்லை, பஸ்ஸும் இல்லை. உலகத்தில் எந்த ஊர்க்காரன் கண்டுபிடித்த பஸ்ஸும் அந்த மூன்று மைலுக்கு இன்னும் வரவில்லை.

மச்சான் மோட்டாரை நிறுத்திக்கொண்டு, இன்னொரு தலைக்கவசத்தை மடியில் வைத்தபடி, நிறுத்தத்தில் காத்திருந்தார். "ஆகாய பஸ் எப்படி?" என்றார். ஏறி உட்கார்ந்துகொண்டு, போகிற வழியில் சொன்னேன்.