பெயரில்லாத பட்டியலும் ஒரு பாட்டியும்

1860இல் அமெரிக்கா எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் ஏறத்தாழ 40 லட்சம் அடிமைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று தனிப் படிவம். எசமானரின் பெயருக்குக் கீழே தலைக்கு ஒரு வரி: வயது, ஆணா பெண்ணா, தோலின் நிறம். தப்பியோடியவரா என்று குறிக்கக்கூட ஒரு கட்டம் உண்டு. பெயர் எழுத இடம் கிடையாது. விடுதலைக்குப் பின் எடுத்த 1870ஆம் ஆண்டுக் கணக்கில்தான் பெயரோடு வருகிறார்கள். முன்னோரைத் தேடும் கறுப்பின அமெரிக்கர்கள் பலர் இன்றும் அந்த ஆண்டில் முட்டி நின்றுவிடுகிறார்கள்.

எழுத்தாளர் மார்கரெட் வாக்கர் அதைத் தாண்டிப் போனார். 1915இல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காமில் பிறந்த அவருக்கு, பாட்டி எல்வைரா தன் தாயின் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தத் தாய் ஜார்ஜியாவில் அடிமையாக வாழ்ந்தவர். குழந்தையிடம் ஏன் இந்தக் கொடூரக் கதைகள் என்று வீட்டில் கேட்டால் பாட்டிக்குக் கோபம் வரும். நடந்ததைத்தான் சொல்கிறேன் என்பார்.

அந்தக் கதையை 1934இல், கல்லூரி மாணவியாக இருந்தபோதே நாவலாக எழுதத் தொடங்கினார் மார்கரெட். ‘ஜூபிலி’ என்ற அந்த நாவல் அச்சில் வந்தது 1966இல். இடையில் 1942இல் ஒரு கவிதைத் தொகுப்பு, நான்கு குழந்தைகள், 1949 முதல் மிசிசிப்பியின் ஜாக்சன் கல்லூரியில் ஆசிரியர் வேலை. தாமதத்துக்கு அவை மட்டும் காரணமல்ல. பாட்டி சொன்னதில் பெயர்கள், பேச்சு, பாட்டு எல்லாம் இருந்தன. ஆண்டும் ஆதாரமும் இல்லை. ஆவணங்களில் ஆண்டும் விலையும் இருந்தன, ஆட்கள் இல்லை. அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதையே ஜார்ஜியாவில் சட்டம் தடுத்திருந்ததால், அவர்கள் கைப்பட எழுதிவைத்தவையும் அரிது. எனவே அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலக் கடிதங்கள், நாட்குறிப்புகள், தப்பி வந்தவர்களின் தன்வரலாறுகள் என்று தேடித் தேடி, கேட்ட கதையை அவற்றோடு பொருத்திப் பார்த்தார். ஓர் ஆய்வாளர் தன் கருதுகோளைச் சோதிக்கும் அதே கண்டிப்பு அது. 1965இல் அயோவா பல்கலைக்கழகம் இந்த நாவலையே முனைவர் பட்ட ஆய்வேடாக ஏற்றுக்கொண்டது. மிகப் பொருத்தமான பட்டம் என்றே நினைக்கிறேன்.

தனக்கு வாய்த்த பாட்டி எல்லோருக்கும் வாய்க்கமாட்டார் என்பது அந்த ஆசிரியைக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1968இல் ஜாக்சனிலேயே கறுப்பின மக்களின் வரலாறு, வாழ்வு, பண்பாட்டுக்காக ஓர் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். இப்போது அவர் பெயரைத் தாங்கி நிற்கும் அந்த மையம், மக்கள் தம் வாயால் சொன்ன வாழ்க்கைக் கதைகளை ஒலிப்பதிவுகளாகச் சேர்த்துவைத்திருக்கிறது.