மின்சாரம் சொன்னால் ஒளி கேட்கும்!

அன்று கடாரம், இன்று கெடா. பால்மரமும் செம்பனையும் சூழ்ந்த இம்மாநிலத்தில் 1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. பாடாங் செராய், லூனாஸ் பக்கத்துத் தோட்டப்புற மாணவர்களான நம்மில் பலர், அப்பூங்காவை ‘ஷிப்ட்’ வேலைக்கான இடமாக மட்டுமே அறிவோம். அங்கு பயன்படும் அறிவியலில் ஒரு துளியை இங்குக் காண்போம்.

மாறும் ஒளிவிலகல் எண்

நீர்க் குவளையில் வைத்த கரண்டி ஒடிந்ததுபோல் தெரிவதை அனைவரும் பார்த்திருப்போம். வெற்றிடத்தைவிட ஒரு பொருளுக்குள் ஒளி எத்தனை மடங்கு மெதுவாகச் செல்கிறது என்பதே அதன் ஒளிவிலகல் எண். நீருக்கு அது 1.33, லித்தியம் நியோபேட் படிகத்திற்கு ஏறக்குறைய 2.2.

சில பொருள்களில் மின்புலத்தைச் செலுத்தினால் இவ்வெண் சற்றே மாறும். மின்புலத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும் விளைவை 1875-இல் ஜான் கெர் கண்டறிந்தார். மின்புலத்திற்கு நேர்விகிதத்தில் மாறும் விளைவை 1893-இல் பிரீட்ரிக் பொக்கெல்ஸ் ஆராய்ந்தார்.

எவ்வளவு மாறும்? லித்தியம் நியோபேட்டில் 5 மைக்ரோமீட்டர் இடைவெளிக்கு 5 வோல்ட் கொடுத்தால், மாற்றம் சுமார் 0.00016 மட்டுமே. இதனால் என்ன பயன் என்கிறீர்களா? இணையத் தகவலைச் சுமக்கும் 1.55 மைக்ரோமீட்டர் அலைநீள ஒளி, இப்படிகத்தில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் செல்வதற்குள் அரை அலை இடம் பெயர்ந்துவிடும். ஒளியை இரு பாதைகளாகப் பிரித்து, ஒன்றை மட்டும் இப்படி மாற்றி, மீண்டும் சேர்த்தால் முகடும் பள்ளமும் மோதி இருள் பிறக்கும். வோல்ட்டை நிறுத்தினால் வெளிச்சம். இதுவே 0, 1.

கணினியில் ஒப்புருவாக்கம்

மேற்கண்ட கணக்கு, மின்புலம் எங்கும் சீராக உள்ளதாகக் கொள்கிறது. உண்மையில் அது இடத்திற்கு இடம் வேறுபடும். ஒளியும் தன் பாதைக்கு வெளியே சற்றுக் கசியும். ஆகவே சாதனத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். முதலில் ஒவ்வொரு கட்டத்திலும் மின்புலத்தைக் கணிக்க வேண்டும். அடுத்து, அங்குள்ள புதிய ஒளிவிலகல் எண்ணைக் காண வேண்டும். இறுதியாக, அதனூடே ஒளி செல்லும் விதத்தைக் கணக்கிட வேண்டும்.

சிலிக்கனில் இன்னொரு படி கூடுகிறது. அதன் படிக அமைப்பு சமச்சீரானது என்பதால் பொக்கெல்ஸ் விளைவு அதில் இயல்பாக இல்லை. அதனால் பெரும்பாலும் மின்னூட்டத் துகள்களைச் சேர்த்தோ நீக்கியோ ஒளிவிலகல் எண்ணை மாற்றுகிறார்கள். இதற்கான சமன்பாடுகளை 1987-இல் சோரெப், பென்னட் இருவரும் வெளியிட்டனர். எனவே, சிலிக்கனில் துகள்களின் பரவலையும் கணிக்க வேண்டும். 1995-இல் தோற்றுவிக்கப்பட்டு கூலிமில் இயங்கும் சில்தெரா நிறுவனம், இத்தகைய சிலிக்கன் ஒளியணுவியல் துறையிலும் ஈடுபட்டுள்ளது.

நாம் எங்கே?

சில்லில் பதிந்துவிட்ட வடிவத்தை அழித்து எழுத முடியாது. பிழை தெரியும்போது வாரங்களும் பணமும் கரைந்திருக்கும். அதனால்தான் தொழிற்சாலைக்குப் போகுமுன்பே கணினியில் சோதிக்கிறார்கள். அந்த வேலைக்குத் தூய்மை அறை தேவையில்லை. இயற்பியலும் கணிதமும் ஒரு மடிக்கணினியும் போதும். ஒளியின் பயணத்தைக் கணக்கிட, எம்.ஐ.டி.யில் உருவான ‘மீப்’ மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

நண்பர்களே, சில்லுகளைச் சுமந்து சென்ற கைகளைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்; அவையே நம்மைப் படிக்க வைத்தன. ஆனால், அச்சில்லுகளை வடிவமைக்கும் மேசையிலும் நமக்கு இடமுண்டு. அதில் அமர முயல்வோம்.