'சிவப்பு அலை': கண்ணுக்குத் தெரியாத பாசி, கூண்டோடு சாகும் மீன்கள்

2015ஆம் ஆண்டு பிப்ரவரி மாத இறுதி. சீனப் புத்தாண்டு முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. பாசிர் ரிஸ் கடற்கரையில் செத்த மீன்கள் ஒதுங்க ஆரம்பித்தன. கடலில் இருக்கும் மிதவைப் பண்ணைகளில் நிலைமை இன்னும் மோசம்.

அப்போது பாதிக்கப்பட்டவை 77 பண்ணைகள். மடிந்த மீன்கள் 500 முதல் 600 டன் வரை. அதற்கு முந்தைய ஆண்டும் இதே கதைதான். சுமார் 160 டன் மீன்கள் போயின.

காரணம்? கண்ணுக்கே தெரியாத நுண்பாசி.

அது என்ன 'சிவப்பு அலை'?

பெயரில்தான் அலை. உண்மையில் அலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கடலில் எப்போதும் நுண்பாசிகள் மிதந்துகொண்டிருக்கும். சூழல் சாதகமாக அமைந்தால் அவை மளமளவென்று பெருகிவிடும். தண்ணீரின் நிறமே மாறிப்போகும். மலேசியாவில் இதை 'ஆயர் பாசாங் மேரா' என்பார்கள்.

நிறம் சிவப்பாகத்தான் இருக்கணும் என்றில்லை. பழுப்பு, பச்சை, ஆரஞ்சு எனப் பாசிக்கு ஏற்ப மாறும். சில நேரம் தண்ணீர் தெளிவாகத் தெரியும்போதே நச்சு இருக்கலாம். நிறம் மாறிய தண்ணீர் எல்லாமே நச்சும் அல்ல. அதாவது, வெறும் கண்ணால் பார்த்து முடிவுசெய்ய முடியாது.

மீன்கள் எப்படிச் சாகின்றன?

இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, நச்சு. 2014இல் ஜொகூர் நீரிணையின் மேற்குப் பகுதியில் மீன்கள் மடிந்தபோது, ஆய்வாளர்கள் அங்கே கண்டறிந்தது 'கார்லோடினியம் ஆஸ்ட்ராலே' என்ற பாசி. இந்த வகைப் பாசிகளின் நச்சு, மீனின் செவுளைச் சிதைத்துவிடும். செவுள்தான் மீனுக்கு நுரையீரல் மாதிரி. அது போனால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் சாகும்.

இரண்டாவது, ஆக்சிஜன் பற்றாக்குறை. பாசி பகலில் ஆக்சிஜனை வெளியிடும். இரவில் அதுவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அளவுக்கு அதிகமாகப் பாசி இருந்தால், விடியும் நேரத்தில் தண்ணீரில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போய்விடும். பிறகு பாசி செத்து அழுகும்போது, அதைச் சிதைக்கும் பாக்டீரியா மிச்சம் இருப்பதையும் காலிசெய்துவிடும்.

திறந்த கடலில் உள்ள மீன் தப்பித்து நீந்திப்போக வாய்ப்பு உண்டு. வலைக்கூண்டில் இருக்கும் மீன் எங்கே போகும்? அதனால்தான் பண்ணையாளர்களுக்கு இவ்வளவு பெரிய அடி. மாதக்கணக்கில் தீனி போட்டு வளர்த்த மீன்கள் சில நாள்களில் குப்பையாகிவிடுகின்றன.

ஜொகூர் நீரிணையில் ஏன்?

நீரிணை குறுகலானது. 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலம் அதை இரண்டாகப் பிரிக்கிறது. தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தாராளமாக ஓட வழியில்லை.

அரை நிலா நாள்களில் கடலின் ஏற்ற இறக்கமும் குறைவு. தண்ணீர் தேங்கி நிற்கும். வெயிலும் மழையும் மாறி மாறி வந்தால், நிலத்திலிருந்து அடித்துவரப்படும் சத்துகள் பாசிக்கு உரமாகின்றன. 2015இல் அதிகாரிகள் சுட்டிய காரணங்களும் இவைதான்: மாறிய வானிலை, தண்ணீரில் கூடிய சத்துகள், குறைந்த நீரோட்டம்.

நாம் சாப்பிடும் மீனுக்கு ஆபத்தா?

மீனைக் கொல்லும் பாசி எல்லாமே மனிதரைக் கொல்வதில்லை. 2015இல் பரிசோதிக்கப்பட்ட மீன்களில் கடல்சார் நச்சு எதுவும் இல்லை என்று அப்போதைய வேளாண் உணவு, கால்நடை மருத்துவ ஆணையம் அறிவித்தது.

ஆனால் சிப்பி வகைகள் வேறு கதை. அவை தண்ணீரை வடிகட்டித்தான் உணவு எடுக்கின்றன. அப்போது பாசியின் நச்சு அவற்றின் உடலில் சேர்ந்துவிடும். சிப்பிக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். அதைச் சாப்பிடுபவருக்குத்தான் ஆபத்து.

சபாவில் இது பழைய வேதனை. 1976இல் 'பைரோடினியம் பஹாமென்ஸ்' என்ற பாசி பெருகியபோது, 202 பேர் பாதிக்கப்பட்டனர்; 7 பேர் உயிரிழந்தனர். அதன் பிறகும் அங்கே சிவப்பு அலை திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

நல்லா வேக வைத்தால் போயிடுமா?

போகாது! இதுதான் பலரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். 'சாக்ஸிடாக்சின்' எனும் அந்த நச்சு சமையல் சூட்டில் அழியாது. எலுமிச்சையோ மிளகாயோ அதை முறிக்காது.

உதடு, நாக்கு, விரல் நுனி மரத்துப்போவது முதல் அறிகுறி. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் அது தெரியும். கடுமையானால் மூச்சுவிடும் தசைகளே செயலிழக்கும். மாற்றுமருந்து கிடையாது. ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போனால், நச்சு உடலைவிட்டு நீங்கும்வரை செயற்கைச் சுவாசம் கொடுத்து உயிரைக் காப்பாற்ற முடியும்.

என்ன செய்யலாம்?

பண்ணையாளர்கள் தண்ணீரைக் கவனித்து, ஆபத்து தெரிந்தால் மீனை முன்கூட்டியே அறுவடை செய்யலாம். காற்றூட்டும் கருவிகளைப் பயன்படுத்தலாம். கடல்நீர் நேரடியாகப் புகாத மூடிய தொட்டிகளுக்கு மாறுவதும் ஒரு வழி. செலவு அதிகம் என்பதுதான் சிக்கல்.

நம் பங்கு எளிது. கரையில் ஒதுங்கிய மீனை எடுக்காதீர்கள். சிவப்பு அலை எச்சரிக்கை உள்ள இடத்தில் சிப்பி பொறுக்கவோ சாப்பிடவோ வேண்டாம். சாப்பிட்டபின் உதடு மரத்தால், "கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்று காத்திருக்காதீர்கள். நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.