வண்டியைத் திறக்கும் உரிமை யாருக்கு?

மேலநீலிதநல்லூர் வட்டாரத்தில் ஒருவர் பிஎஸ்-6 டீசல் லோடு வண்டி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விடிவதற்குள் சங்கரன்கோவில் பூச்சந்தையில் மல்லிகையை இறக்கியாக வேண்டும். வழியில் செக் இன்ஜின் விளக்கு எரிகிறது, இழுவை குறைந்து வண்டி ஊர்கிறது. ஊர் மெக்கானிக் வந்து பார்க்கிறார். டீசல் வருகிறது, காற்று வருகிறது, பெல்ட்டும் நன்றாகவே இருக்கிறது. கையில் உள்ள ஸ்கேனரை மாட்டினால் ஒரு எரர் கோடு தெரிகிறது. அதற்கு மேல் உள்ளே போக வண்டியின் கம்ப்யூட்டர் விடவில்லை. எந்தப் பாகம் கெட்டது என்று ஊகிக்க முடிகிறது. மாற்றவும் கை இருக்கிறது. ஆனால் புதுப் பாகத்தை ஏற்றுக்கொள்ளும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லும் மென்பொருள் கம்பெனி சர்வீஸ் சென்டரில் மட்டும்தான். அது திருநெல்வேலியில் இருந்தால், வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். அன்றைய பூ அன்றோடு போச்சு.

இதில் கைத்திறனுக்குக் குறை இல்லை. குறை, பூட்டியிருக்கும் தகவலில் இருக்கிறது.

இன்றைய வண்டியில் டீசல் எவ்வளவு பீய்ச்ச வேண்டும், புகை எவ்வளவு போகலாம் என்பதையெல்லாம் இசியூ எனப்படும் சிறு கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. பழுதைக் கண்டு பதிவு செய்யும் ஓபிடி அமைப்பு இந்தியாவில் நான்கு சக்கர வண்டிகளுக்கு 2010-இல் தொடங்கி, 2013-இல் அடுத்த கட்டத்துக்கு வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 புகை விதி வந்தபின் சென்சார்கள் பெருகிவிட்டன. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை சாக்கெட்டில் எந்த ஸ்கேனரையும் செருகலாம். புகை சம்பந்தப்பட்ட பொதுவான கோடுகள் அதில் தெரியும். கம்பெனிக்கே உரிய கோடுகளும், ஆணையிட்டுச் சரிசெய்யும் வசதியும் வேறு அடுக்கில் இருக்கின்றன. இன்ஜெக்டரை மாற்றினால் அதன் மேல் அச்சிட்ட எண்ணைப் பல வண்டிகளில் இசியூவில் ஏற்ற வேண்டும். மெக்கானிக்குகள் இதைக் கோடிங் என்கிறார்கள். டிபிஎஃப் வடிகட்டியில் கரி அடைத்தால் அதை எரித்து வெளியேற்ற ஆணை கொடுக்க வேண்டும். சாவி தொலைந்தால் புதுச் சாவியை வண்டிக்கு அறிமுகம் செய்ய வேண்டும். ஸ்பேனரால் ஆகாத வேலைகள் இவை.

டிராக்டரிலும் இது நுழைந்துகொண்டிருக்கிறது. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குக் கடுமையான புகை விதி 2023 ஜனவரியில் அமலுக்கு வந்தது. நம் கரிசல்காட்டில் ஓடுபவை பெரும்பாலும் அதற்குக் குறைந்தவை என்பதால் இன்னும் பட்டறையிலேயே வேலை முடிகிறது. அமெரிக்க விவசாயிகளுக்கு அந்த நிம்மதி இல்லை. அங்கே ஜான் டியர் நிறுவனம் பழுதுநீக்கும் மென்பொருளைத் தன் டீலர்களிடமே வைத்துக்கொண்டது என்று மத்திய வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் வழக்கே தொடுத்தது.

இந்தியாவில் இந்தச் சண்டை அதற்கு முன்பே நடந்துவிட்டது. 2011-இல் ஷம்ஷேர் கடாரியா என்பவர் ஹோண்டா, ஃபோக்ஸ்வேகன், ஃபியட் ஆகிய மூன்று நிறுவனங்களின் மீது இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தார். ஒரிஜினல் உதிரிபாகமும் பழுதறியும் கருவியும் வெளிக்கடைக்குக் கிடைப்பதில்லை என்பது புகார். விசாரணை மற்ற நிறுவனங்களுக்கும் விரிந்தது. 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. டாடா மோட்டார்ஸுக்கு மட்டும் 1,346.46 கோடி, மாருதிக்கு 471.14 கோடி. ஸ்ரீபெரும்புதூரில் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய்க்கு 2015-இல் தனி உத்தரவில் 420.26 கோடி.

அபராதத் தொகையைவிட அந்த உத்தரவின் தர்க்கம் முக்கியமானது. காரை வாங்கும்போதே அதன் ஆயுள்காலப் பராமரிப்புச் செலவையும் கணக்கிட்டுத்தானே வாங்குகிறார்கள், செலவு அதிகமென்றால் வேறு கார் வாங்கலாமே என்பது நிறுவனங்களின் வாதம். ஆணையம் இதை ஏற்கவில்லை. பத்து வருடத்தில் எந்தப் பாகம் போகும், அதற்கு என்ன விலை சொல்வார்கள் என்று வாங்குகிறவருக்குத் தெரியாது; வாங்கிய பிறகு பாகத்தின் விலைக்காகக் காரையே விற்றுவிட்டுப் போகவும் முடியாது. ஆகவே ஒவ்வொரு கம்பெனியும் தன் காரின் உதிரிபாகச் சந்தையில் போட்டியே இல்லாத ராஜா என்று கண்டது ஆணையம். சில பாகங்களின் மீது 5,000 சதவீதம் வரை விலை ஏற்றியிருந்ததையும் உத்தரவு பதிவு செய்கிறது. சங்கரன்கோவிலில் கார் வைத்திருக்கும் எவருக்கும் அனுபவத்தில் தெரிந்ததைச் சட்டத்தின் மொழியில் எழுதிவைத்த ஆவணம் அது.

உத்தரவு சொன்னது இதுதான்: பாகங்களைச் செய்து கொடுக்கும் சப்ளையர்கள் வெளிச்சந்தையிலும் விற்கலாம். பழுதறியும் கருவி சுயேச்சை மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும். பாகங்களின் விலையை இணையத்தில் போட வேண்டும். வெளியே வேலை பார்த்தாலே வாரண்டி மொத்தமும் போய்விடும் என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது.

பிறகு என்ன ஆனது? நிறுவனங்கள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் போயின. டொயோட்டா, ஃபோர்டு, நிசான் வழக்கில் 2016 டிசம்பரில் தீர்ப்பாயம் ஆணையத்தின் முடிவை ஏற்றது. அபராதத்தை மட்டும் குறைத்தது. போட்டிச் சட்டமே செல்லாது என்று சிலர் வாதாட, அதன் பெரும்பகுதி செல்லும் என்று 2019 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. வழக்கு நடந்துகொண்டிருந்த இந்தக் காலத்துக்குள்தான் பிஎஸ்-4 போய் பிஎஸ்-6 வந்தது, பூட்டு இன்னும் இறுகியது.

கம்பெனிகளின் அச்சத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிரேக்கும் ஏர்பேக்கும் தெரியாதவர் கையில் போனால் உயிர் போகும். சாவி மென்பொருள் திருடன் கைக்குப் போகலாம். டிபிஎஃப்பைக் கழற்றி எறிந்துவிட்டு இசியூவை ஏமாற்றுகிறவர்களும் உண்டு. அது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு எதிரான மாற்றம், பழுதுநீக்கம் என்ற பெயரில் அதை ஆதரிக்க முடியாது. ஆனால் இதற்கெல்லாம் விடை ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. 2022 ஜூலை 1 முதல் அங்கே கார், இலகுரக சரக்கு வண்டிகளின் பழுதுநீக்கத் தகவலை எல்லா மெக்கானிக்குகளுக்கும் நியாயமான விலைக்கு விற்றாக வேண்டும் என்பது சட்டம். பாதுகாப்பு, சாவி சம்பந்தப்பட்ட பகுதிகள் தகுதியைக் காட்டியவர்களுக்கு மட்டும் திறக்கும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-லேயே சட்டம் கொண்டுவந்தது. வண்டி காற்றலை வழியாகக் கம்பெனிக்கு அனுப்பும் தகவலும் உரிமையாளருக்கு வேண்டும் என்று 2020-இல் அம்மாநில மக்கள் வாக்களித்தார்கள்.

பூட்டை நாமே திறந்தால் குற்றமாகுமோ என்ற பயமும் உண்டு. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு மின்னணுப் பூட்டை உடைப்பதைத்தான் தண்டிக்கிறது. சொந்த வண்டியைப் பழுது பார்ப்பது அந்த நோக்கத்தில் சேராது என்றே எனக்குப் படுகிறது. அப்படியே வைத்துக்கொண்டாலும், குற்றமில்லை என்பதால் மட்டும் கருவி கைக்கு வந்துவிடாது. தரச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் சட்டம் வேண்டும்.

அது ஏன் அவசரம் என்பதற்கு அபராதம் வாங்கிய அந்த 14 நிறுவனங்களின் பெயர்களையே பார்க்கலாம். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 மே மாதம் அம்பாசிடரை நிறுத்தியது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017-உடன் இங்கே கார் விற்பதை விட்டது. ஃபியட் கார் இப்போது கடையில் இல்லை. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, மறுவருடம் மறைமலைநகர் ஆலையை ஓய்த்தது. பாகமும் சர்வீஸும் தொடரும் என்று ஃபோர்டு சொன்னது உண்மை. அதெல்லாம் கம்பெனியின் வாக்கு. உரிமையாளரின் உரிமை அல்ல. அம்பாசிடரை இன்றும் எந்தப் பட்டறையிலும் ஓட வைக்கலாம். கம்பெனி கடையைக் கட்டிய பின் ஒரு பிஎஸ்-6 வண்டியின் மென்பொருளை யார் திறப்பார்கள்?

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாதனம், வாகனம் என நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். அந்த டிசம்பர் 24 அன்று பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளமும் வந்தது. பல நிறுவனங்கள் அதில் சர்வீஸ், வாரண்டி விவரங்களைப் போட்டிருக்கின்றன. பிறகு வந்த பழுதுநீக்கத் தரக்குறியீட்டுக் குழு 2025 மே மாதம் அறிக்கை தந்தது. அது செல்போனோடும் வீட்டுச் சாதனங்களோடும் நின்றுவிட்டது. வண்டி அதில் இல்லை.

சட்டம் வரும்வரை வண்டிக்காரர் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. வெளியே வேலை பார்த்ததால் வாரண்டி இல்லை என்று சொன்னால், எந்த வேலையால் எந்தப் பாகம் கெட்டது என்று எழுத்தில் கேட்க வேண்டும். வெளிப்பட்டறையிலும் பில் வாங்கி, மாற்றிய பாகத்தின் பெயரையும் எரர் கோடையும் அதில் எழுதச் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளின் வழக்குகளை அங்கேயே போடலாம், குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை.