வேலி தாண்டும் குதிரைகள்

எடமலைப்பட்டி புதூர்வாசிகள் திருச்சிராப்பள்ளியின் ரேஸ்கோர்ஸ் ரோடை நன்கு அறிவார்கள். இன்று அங்கே கல்லூரியும் அண்ணா விளையாட்டரங்கமும் விளங்குகின்றன. பந்தயக் குதிரைகள் இல்லை. ஆங்கிலேயர் ஆட்சியோடு வந்த அந்த விநோதத்தின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அவர்கள் தேசத்திலோ, லிவர்பூலை அடுத்த எய்ன்ட்ரீயில் வருஷந்தோறும் நடைபெறும் 'கிராண்ட் நேஷனல்' பந்தயம் இன்றும் பிரசித்தமாயிருக்கிறது. அதன் சரித்திரம் நாம் சிந்திக்கத்தக்கது.

1752-ல் அயர்லாந்தில் இருவர், ஒரு மாதாகோயில் கோபுரத்தை விட்டுப் புறப்பட்டு மற்றொரு கோபுரத்தைக் குறிவைத்து, வேலியும் பள்ளமும் தாண்டிக் குதிரை விட்டனர் என்பர். 'ஸ்டீபிள்சேஸ்' என்ற பெயரின் வரலாறு இதுவே. எய்ன்ட்ரீ பந்தயத்துக்கு 1839-ஐயே முதல் வருஷமாகக் கொள்வது வழக்கம். அன்று வென்ற குதிரையின் பெயர் 'லாட்டரி'! பணயம் கட்டுவோர் கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறேது? அன்று காப்டன் பெச்சர் வீழ்ந்த ஓடை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

சுமார் 4¼ மைல் தூரம், 30 தாண்டல்கள். 1973, 1974, 1977 ஆகிய மூன்று வருஷங்களில் வென்ற 'ரெட் ரம்' அழியாப் புகழ் பெற்றது. 2021-ல் ரேச்சல் பிளாக்மோர் வென்று, இப்பந்தயத்தில் வெற்றி கண்ட முதற் பெண்மணியானார்.

இப்புகழின் மறுபுறம் பரிதாபகரமானது. 2011-லும் 2012-லும் இவ்விரண்டு குதிரைகள் மாண்டன. ஜனங்களின் கண்டனம் பலமாயிற்று. தடைகளுக்குள்ளிருந்த மரக்கட்டைகள் நீக்கப்பட்டு, வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் வைக்கப்பட்டது. 2024-ல் ஓடக்கூடிய குதிரைகளின் தொகை 40-லிருந்து 34 ஆகக் குறைக்கப்பட்டது. நூறாண்டுக்கு மேல் தாமதித்தேனும் குதிரையின் வழக்கு அங்கே செவியில் ஏறியது.

நமது மாகாணத்தின் விவாதம் வேறு. 1974-ல் தமிழக சர்க்கார் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தது. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு, இது வெறும் அதிர்ஷ்டமன்று, திறமையைப் பொறுத்த ஆட்டம் என்று தீர்ப்பளித்தது. சூதா, திறமையா என்பதே கேள்வி. அது முழுக்க மனிதனைப் பற்றிய கேள்வி.

பணயம் கட்டுகிறவன் தன் பணத்தைத் தானே வைக்கிறான். நஷ்டமடைந்தால் தன்னையே நொந்துகொள்ளலாம். குதிரையோ தன் உயிரைத் தானாக வைப்பதில்லை, பிறர் வைக்கிறார்கள். பந்தயம் எதுவாயினும், எந்நாட்டிலாயினும், முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுவே என்பது நமது அபிப்பிராயம்.