வெளியூர் ஆட்டக்காரரா? உள்ளூர்ப் பையனா?

மாலை மூன்றரை மணி. ராஜபாளையத்து நூற்பாலைகளில் பகல் ஷிப்ட் முடிகிற வேளை. இங்கிலாந்து நாட்டில் அப்போதுதான் காலை 11 மணி. கோடைக் காலத்தில் அங்கே கவுண்டி கிரிக்கெட் பந்தயம் தொடங்கும் நேரம்!

கவுண்டி என்றால் என்ன? நாம் ஜில்லா என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். இங்கிலாந்திலும் வேல்சிலுமாக 18 கவுண்டிக் குழுக்கள் இருக்கின்றன. 10 குழுக்கள் முதல் பிரிவில் ஆடுகின்றன. 8 குழுக்கள் இரண்டாம் பிரிவில். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பந்தயம். ஒரு பந்தயம் நான்கு நாள் நடக்கும். தோற்றுக்கொண்டே இருந்தால், மேல் பிரிவிலிருந்து கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான்.

இந்தப் பந்தயங்களைச் செல்போனில் பார்க்கிற ரசிகர் ஒருவர் ராஜபாளையத்தில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆலைத் தொழிலாளி. அவருடைய சிநேகிதர் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வைத்திருக்கிறார். சந்தித்தால் இருவருக்கும் ஒரே தர்க்கம்தான். எந்தக் கவுண்டி எந்த ஆட்டக்காரரை அழைக்கப் போகிறது? அழைப்பது சரிதானா?

நம் ஊர் வழக்கம்

இது நமக்குத் தெரியாத தர்க்கம் அல்ல. பொங்கலுக்கு நடக்கும் டென்னிஸ் பந்துப் போட்டிகளிலும் இதே தகராறு உண்டு. கோப்பையைப் பிடிக்க ஒரு குழு வெளியூரிலிருந்து 'கெஸ்ட்' ஆட்டக்காரரை அழைத்து வரும். அவர் வந்தால் உள்ளூர்ப் பையன் ஒருவன் வெளியே உட்கார வேண்டும். ஆண்டு முழுவதும் மைதானத்தைக் கூட்டிப் பெருக்கியவனாகக்கூட அவன் இருப்பான்!

இங்கிலாந்தில் இந்தத் தகராறுக்கு வயது அதிகம். ஒரு காலத்தில் வெளிநாட்டுக்காரர் ஒரு கவுண்டிக்கு ஆட வேண்டுமானால், முதலில் அங்கே குடியிருந்து தகுதி பெற வேண்டும். 1968-ல் அந்தக் கட்டு தளர்ந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் சோபர்ஸ் அந்த ஆண்டே நாட்டிங்காம்ஷயருக்கு வந்துவிட்டார். வந்த ஆண்டே ஒரு ஓவரின் ஆறு பந்துகளிலும் சிக்சர் அடித்தார். அதன்பிறகு கவுண்டிகளுக்கு ஆசை விடுமா?

யார்க்‌ஷயர் மட்டும் பிடிவாதமாக இருந்தது. 'எங்கள் மண்ணில் பிறந்தவன்தான் எங்களுக்கு ஆட வேண்டும்' என்பது அதன் கொள்கை. சில விலக்குகள் தவிர, நெடுங்காலம் அப்படியே நடந்தது. கடைசியில் 1992-ல் அதுவும் கதவைத் திறந்தது. முதலில் பேசி முடித்த ஆஸ்திரேலியர் மெக்டெர்மட் காயப்பட்டார். அவருக்குப் பதிலாக வந்தவர் யார் தெரியுமா? 19 வயது சச்சின் டெண்டுல்கர்!

சுழற்பந்துக்கு மவுசு

தமிழ்நாட்டுக்காரர்களுக்கும் இந்தக் கதையில் நல்ல பங்கு உண்டு. சென்னை வெங்கட்ராகவன் 1973 முதல் 1975 வரை டெர்பிஷயருக்குப் பந்து வீசினார். வாஷிங்டன் சுந்தர் 2022-ல் லங்காஷயருக்கு ஆடிய முதல் பந்தயத்திலேயே ஒரே இன்னிங்சில் 5 விக்கெட் எடுத்தார். சாய் கிஷோர் 2025 ஜூலையில் சர்ரேக்கு இரண்டு பந்தயங்கள் ஆடினார்.

மட்டை பிடிப்பவர்களும் போயிருக்கிறார்கள். முரளி விஜய் 2018-ல் எசெக்ஸ் குழுவின் முதல் பந்தயத்தில் 56, 100 என்று அடித்தார். சாய் சுதர்சன் 2024-ல் சர்ரேக்காகச் சதம் போட்டார்.

ஆனால் ஆலைத் தொழிலாளியின் கணக்கில் சுழற்பந்துக்குத்தான் முதலிடம். "ஏப்ரலில் அங்கே குளிர். தரையில் ஈரம். வேகப்பந்துக்காரனுக்குத்தான் கொண்டாட்டம். அப்போது நம்மவர்களும் ஐ.பி.எல்.லில் இருப்பார்கள். ஜூலை, ஆகஸ்டில் தரை காய்ந்துவிடும். பந்து திரும்பும். அப்போது நம் ஆளைக் கூப்பிடாமல் யாரைக் கூப்பிடுவார்கள், அண்ணாச்சி?"

கணக்கு சரியான கணக்குதான். அதனால்தான் நம்மவர்கள் பெரும்பாலும் கோடையின் பின்பாதியில் விமானம் ஏறுகிறார்கள். இரண்டு பந்தயம், நான்கு பந்தயம் ஆடிவிட்டுத் திரும்பி விடுகிறார்கள்.

அசுவினும் இரண்டு கவுண்டிகளும்

தொழிலாளி கையில் எப்போதும் ஒரு சாட்சி உண்டு. 2017-ல் அசுவின் வூஸ்டர்ஷயருக்குப் போனார். நான்கு பந்தயம், 20 விக்கெட். இரண்டாம் பிரிவில் இருந்த வூஸ்டர்ஷயர் அந்த ஆண்டு முதல் பிரிவுக்கு ஏறியது.

கடைக்காரர் சும்மா இருப்பாரா? "அது சரி தம்பி. 2019-ல் அதே அசுவின் நாட்டிங்காம்ஷயருக்குப் போனாரே? ஐந்து பந்தயத்தில் 34 விக்கெட் எடுத்தார். ரன்னும் முந்நூறுக்கு மேல் அடித்தார். நாட்டிங்காம்ஷயர் என்ன ஆயிற்று?"

என்ன ஆயிற்று? அந்த ஆண்டு ஒரு பந்தயத்தில்கூட ஜெயிக்கவில்லை. கடைசி இடம். இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டது!

வந்தவர் மேல் குற்றம் இல்லை. மற்றப் பத்துப் பேரும் ஆட வேண்டுமே! பாலே திரிந்துபோன பிறகு சர்க்கரையைக் கொட்டினால் பால்கோவா வருமா என்று கேட்பார் கடைக்காரர். அவருக்குத் தெரிந்த தொழில் அது.

சொந்த வீட்டில் இடமில்லை

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சோயப் பஷீர் என்ற இங்கிலாந்து வாலிபர் 2024 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் இந்தியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடினார். ஊர் திரும்பினார். அவருடைய கவுண்டியான சாமர்செட்டில் அவருக்கு இடம் இல்லை! ஜாக் லீச் என்ற மூத்த சுழற்பந்துக்காரர் இருந்தார். கடைசியில் வேறு கவுண்டிக்கு இரவலாகப் போய்ப் பஷீர் பந்து வீசினார். நாட்டுக்கே ஆடுகிறவருக்கு இந்த நிலை!

ஒரு பந்தயத்தில் இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் வரை ஆடலாம் என்பது இப்போதைய விதி. அதாவது, 11 இடத்தில் இரண்டு போய்விடும். மீதி ஒன்பதில் கற்றுக்கொள்ளும் பையனுக்கு எத்தனை கிடைக்கும்? கடைக்காரரின் கவலை இதுதான். நியாயமான கவலை. ஆனால் சச்சினோடு ஒரே அறையில் உடை மாற்றிய யார்க்‌ஷயர்ப் பையன்கள் ஒன்றும் கற்றிருக்க மாட்டார்களா என்று தொழிலாளி கேட்பதிலும் நியாயம் உண்டு.

வராத விருந்தாளி

2025-ல் தொழிலாளிக்கு ஒரே சந்தோஷம். சென்னை சூப்பர் கிங்ஸ் தலைவர் ருதுராஜ் கெய்க்வாட் யார்க்‌ஷயருக்கு ஆடப் போகிறார் என்று ஜூனில் அறிவிப்பு வந்தது. ஜூலையில் இன்னொரு அறிவிப்பு வந்தது. சொந்தக் காரணத்தால் அவர் வரவில்லை!

"போகட்டும். அந்த இடத்தில் யார்க்‌ஷயர்ப் பையன் ஒருவனை இறக்கினார்களா?" என்றார் கடைக்காரர்.

இல்லை. பாகிஸ்தானிலிருந்து இமாம் உல் ஹக்கை அழைத்துக்கொண்டார்கள்.