பேர் பதிஞ்சவனுக்கு ஆயிரம் ரூபாய்! பதியாதவனுக்கு?

கள்ளக்குறிச்சி பஸ் நிலையம். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வரும் பஸ் நிற்கிறது. துணி மூட்டையோடு மலைவாசிகள் இறங்குகிறார்கள். மேட்டு நிலத்து மரவள்ளியும் மக்காச்சோளமும் வருஷம் முழுக்கச் சோறு போடாது. ஆகவே திருப்பூர், கேரளா என்று கட்டிட வேலைக்குப் போகிறார்கள்.

"மேஸ்திரி கூலியில கை வச்சா யாருகிட்ட போய்ச் சொல்றது?" கேள்வி இதுதான்!

கல்வராயன்மலைக்கு இது புதிதல்ல. ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. கூலி இல்லாத வெட்டி வேலை அங்கே வழக்கம். 1976-ல்தான் மலையை அரசு ஏற்றது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே ஆண்டுதான்.

சட்டம் வந்தது. கேட்க ஆள்?

ஊரடங்கு தந்த பாடம்

2020 மார்ச் கடைசியில் கொரோனா ஊரடங்கு. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. நாடு முழுக்க வேலை நின்றது.

ரேஷன் அட்டைக்கு 1000 ரூபாய் என்று தமிழக அரசு அறிவித்தது. நலவாரியத்தில் பேர் பதிந்த கட்டிடத் தொழிலாளிக்குத் தனியாக இன்னொரு 1000 ரூபாய், 15 கிலோ அரிசி, பருப்பு, எண்ணெய்.

ஒரே சாரத்தில் நின்று கல் சுமந்தவர்கள்தான். அட்டை உள்ளவருக்குக் கிடைத்தது. இல்லாதவர் வெறுங்கையைப் பிசைந்தார்!

சும்மா வந்ததா?

இந்த நலவாரியம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1918-ல் சென்னையில் ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் கண்டார்கள். ஆனால் ஆலைக்கு ஒரு கேட் உண்டு, ஒரு முதலாளி உண்டு. இன்று ஒரு வீடு, நாளை வேறு ஊர் என்று அலையும் சித்தாளுக்கு யார் முதலாளி?

'எங்களுக்கும் சட்டம் வேணும்' என்று கட்டிடத் தொழிலாளர் சங்கங்கள் போராடின. 1982-ல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1994-ல் கட்டிடத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. விபத்து உதவி, பிள்ளைகள் படிப்புக்குப் பணம், வயதான பின் ஓய்வூதியம் எல்லாம் அதன் வழியாகத்தான்.

மனு எழுதுவது, கையெழுத்து வாங்குவது, அட்டையைப் புதுப்பிப்பது என்று ஊர் ஊராகச் சங்கத்துக்காரர்கள் செய்யும் இந்தச் சில்லறை வேலைதான், ஆபத்து நேரத்தில் அடுப்பை எரிய வைத்தது. சங்கம் எட்டாத மலைக்கிராமத்தில் அந்த அடுப்பை யார் மூட்டுவது?

உங்கள் வீட்டில், கடையில் கொத்து வேலை நடக்கிறதா? கூலி கொடுக்கும்போது ஒரு வார்த்தை கேளுங்கள்:

"அட்டை இருக்காப்பா?"